வில்மா வார்த்த குண்டுகள் தீர்ந்த பிறகு

ரவுண்டப், மொன்டானா
டிசம்பர் 4, 1993

நோரீன்,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. கல்லறையில் எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்து நான் சொன்னது சொன்னதுதான். என் மனைவியை அவள் படுக்கையிலிருந்து கிளப்பி பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நீ. அவள் திரும்பி வரவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இது துப்பாக்கி விஷயம். இந்த ஊரில் கேட்க வேறு ஆள் இல்லை. பக்கத்துப் பண்ணை டுவெய்னிடம் கேட்டால், "அந்தப் பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கேன்யா" என்கிறான். அவனிடம் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். பல் வலி என்றாலும் இதைத்தான் சொல்வான்.

என் நாற்பத்தி நாலு காலிபர் ரிவால்வர் உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அதற்கு வில்மாதான் ஷெட்டில் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்துக் கொடுத்தாள். ஒரு நாளும் குழலுக்குள் ஈயம் ஒட்டியதில்லை. எண்ணெய்த் துணியை ஒரு தடவை விட்டு இழுத்தால் கண்ணாடி. அவள் வார்த்து வைத்திருந்த கடைசி டப்பா நவம்பரில் தீர்ந்துவிட்டது. கடையில் வாங்கிப் போட்டேன். இருபது சுட்டதும் குறி சிதற ஆரம்பித்தது. குழலைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பிக் கிடக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

நீயும் அவளும் ஒரே சட்டியில் ஈயம் உருக்கிப் பழகியவர்கள். என்ன செய்யலாம் என்று எழுது. போன் செய்யாதே. காது இப்போது சுத்தமாகப் போய்விட்டது.

ஹார்லன்


லூயிஸ்டன், ஐடஹோ
டிசம்பர் 12, 1993

அண்ணா,

நீ சொன்னதை நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு மாதம் சுமந்து, சலித்துப்போய் ஒரு மூலையில் வைத்துவிட்டேன். அறுபத்தாறு வயதில் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

உன் காது போனதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. நாற்பது வருஷம் காதில் ஒன்றும் மாட்டாமல் சுட்டால் காது என்ன கல்லா? வில்மா வருஷா வருஷம் உனக்குக் காதுமூடி வாங்கிக் கொடுத்தாள். அதை நீ நாய்க்கு மாட்டி விளையாடினாய்.

சரி, ஈயம். இங்கே துப்பாக்கி கிளப்பில் எல்லோருக்கும் நான்தான் குண்டு வார்த்துக் கொடுக்கிறேன், இதே புலம்பலைத் தினம் கேட்கிறேன். எல்லோரும் "ஈயம் ஒட்டுது" என்பார்கள், எங்கே ஒட்டுகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் அதைப் பார். குழலின் ஆரம்பத்திலா, அதாவது தோட்டா போடுகிற உருளையை விட்டுக் குண்டு குழலுக்குள் நுழைகிற இடத்திலா? இல்லை, வெளியே போகிற வாயிலா? வாய்ப் பக்கம் என்றால் குண்டின் மேல் பூசிய மெழுகு பாதி வழியில் தீர்ந்துபோகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் என்றால் அது வேறு கதை.

துடைக்க பிரஷ் மட்டும் போதாது. பாத்திரம் தேய்க்கிற செப்புக் கம்பி நார் இருக்கிறதல்லவா, அதில் ஒரு இழை பிய்த்துப் பழைய பிரஷில் சுற்றிக்கொள். பத்து இழுப்பில் செதில் செதிலாக வந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் கோபித்துக்கொள். இரவில் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது? ராய் சித்தப்பாவை நான் மறக்கவில்லை. சித்தி போன அதே குளிர்காலத்தில் மாட்டுக்கொட்டகையில் அவர் தன்னை முடித்துக்கொண்டபோது நமக்கு என்ன வயது? அவரும் எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நீ தனியாக இருக்கிறாய். அதனால் கேட்கிறேன்.

நோரீன்


ரவுண்டப்
டிசம்பர் 22

நோரீன்,

நான் ராய் சித்தப்பா இல்லை. இனி அதைக் கேட்காதே. கேட்டால் கடிதம் அடுப்புக்குத்தான் போகும்.

ஈயம் ஆரம்பத்தில்தான். உருளைக்கு எதிரே முதல் ஓர் அங்குலத்துக்கு அடையாக இருக்கிறது. வாய்ப் பக்கம் சுத்தம். செப்பு நார் நன்றாக வேலை செய்கிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கடைக்காரனிடம் சொன்னேன். "ஈயம் மிருதுவா இருக்கு பெரியவரே, அதான் வழியுது. கெட்டியாக்கிப் பாருங்க" என்றான். நியாயமாகத்தான் பட்டது. இங்கே பத்திரிகை ஆபீஸ் மூடியபோது பழைய அச்செழுத்துக்களை ஒரு வாளி நிறைய அள்ளி வந்திருந்தேன். அது இரும்பு மாதிரி கெட்டி. அதை உருக்கி வில்மாவின் குண்டு வார்க்கும் அச்சில் ஊற்றினேன். ஷெட்டில் குளிர் தாங்கவில்லை, சமையல் அடுப்பில்தான் உருக்கினேன். கடைக்காரன் ஒரு வளையமும் கொடுத்தான். குண்டை அதற்குள் தள்ளி எடுத்தால் எல்லாம் ஒரே அளவாகிவிடும். பார்க்கப் பளபளவென்று கடைச்சரக்கு மாதிரி வந்தது.

சுட்டேன். முன்னைவிட மோசம். பன்னிரண்டாவது தோட்டாவில் உருளையே சுற்ற மறுத்தது. அதன் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே ஈயம் அடைத்துக்கொண்டது. கத்தி முனையால் சுரண்டினேன்.

சர்ச் பெண்கள் டூனா மீனும் நூடுல்ஸும் போட்டு ஓவனில் சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஃப்ரீஸரில் அதே சாமான் ஐந்து தட்டு இருக்கிறது. டுவெய்னின் நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு யாரும் வரப்போவதில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை.

ஹார்லன்


லூயிஸ்டன்
ஜனவரி 3, 1994

அண்ணா,

சமையல் அடுப்பிலா? சோறு ஆக்குகிற அடுப்பிலா ஈயம் உருக்கினாய்? உனக்கு மூளை என்ற ஒன்று இருந்ததா, அதையும் காதோடு சேர்த்து விட்டுவிட்டாயா? வில்மா இருந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பாள். அடுப்பையும் மேசையையும் சோப்புத் தண்ணீரில் துடை. ஜன்னலைத் திற, குளிர்ந்தாலும் பரவாயில்லை.

ஈயம் ஒட்டினால் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நீயும் செய்திருக்கிறாய். கெட்டியாக்கு, இன்னும் கெட்டியாக்கு, அதுவும் போதாதா, அதைவிடக் கெட்டியாக்கு. கெட்டியில் ஒன்றுமே இல்லை அண்ணா. குண்டு சின்னதாக இருந்தால் மருந்தின் நெருப்பு பக்கவாட்டில் நுழைந்து குண்டை உரசி உருக்கிக்கொண்டு முந்திப் போகும். உருகினது குழலின் ஆரம்பத்தில் ஒட்டும். மிருதுவான ஈயமாவது அந்த அடியில் கொஞ்சம் உப்பி இடைவெளியை அடைக்கும். அச்செழுத்து உப்புமா? அது அசையாமல் போகும், நெருப்பு அதைச் சுற்றிக்கொண்டு போகும். அதனால்தான் கெட்டியாக்க ஆக்க மோசமானது.

ஒரு சோதனை செய். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். உருளையை மட்டும் கழற்றி எடு. ஒரு குண்டை வெறும் கையால் பின்பக்கம் ஓட்டைக்குள் போடு. முன்பக்க வாயில் அது நின்று, பென்சிலால் தள்ளினால்தான் போக வேண்டும். தானாகவே கீழே விழுந்தால் குண்டு சின்னது. ஆறு ஓட்டையிலும் பார்.

கிறிஸ்துமஸுக்கு யாரும் வரப்போவதில்லை என்று என்னிடம் எழுதுகிறாய். யாரை வரவிட்டாய்? கல்லறையில் நீ என்னைக் கொலைகாரி மாதிரிப் பார்த்தாய். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. பில்லிங்ஸுக்குப் போக வேண்டும் என்று கேட்டது நானில்லை, வில்மா. நீ மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடு நோரீன். இந்தக் கட்டில்ல நான் செத்தா அந்த மனுஷன் அப்புறம் இந்த ரூம்ல எப்படிப் படுப்பாரு? அவர்கிட்ட சொல்லாத. உன் யோசனைன்னு சொல்லு." சொன்னேன். பழி என் மேல் விழுந்தது. சுமந்தேன். இனி முடியவில்லை.

நோரீன்


ரவுண்டப்
ஜனவரி 15

நோரீன்,

ஆறு ஓட்டையிலும் போட்டுப் பார்த்தேன். ஆறிலும் குண்டு நேராகக் கீழே விழுந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

ஆக, நீ சொன்னது சரி.

பனி ஜன்னல் வரை வந்துவிட்டது. தபால் ஜீப் மூன்று நாள் வரவில்லை.

ஹார்லன்


லூயிஸ்டன்
ஜனவரி 24

அண்ணா,

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நான் எழுதியதில் முக்கால்வாசிக்கு நீ பதிலே சொல்லவில்லை. வில்மா சொன்னதை எழுதியிருக்கக் கூடாது, இல்லையென்றால் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். மலைப்பாதை திறந்திருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். லோலோ கணவாயில் போன வாரம்கூட இரண்டு லாரி கவிழ்ந்தது.

இங்கே வந்து இரு என்று கேட்டால் வரமாட்டாய், தெரியும். மாடு யார் பார்ப்பது என்பாய். அதனால் வேலையை முடிப்போம்.

அந்த வளையத்தைக் குப்பையில் எறி, அதுதான் குண்டைச் சிறுக்கவைக்கிறது. வில்மா அதைத் தொட்டதே கிடையாது. உன் துப்பாக்கியின் உருளை வாய் கொஞ்சம் அகலம், ஃபேக்டரியிலிருந்தே அப்படி. அவள் அது தெரிந்து அச்சில் விழுந்த குண்டை அப்படியே, பருமனாகவே விட்டுவிடுவாள். தேன்மெழுகு உருக்கிய தட்டில் நிற்கவைத்து ஒவ்வொன்றாக எடுப்பாள். அவ்வளவுதான் அவள் ரகசியம். உனக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு என்ன பார்த்தாய்?

அந்த அச்செழுத்துக் குண்டுகளை விட்டுவிடு. நான் வார்த்த ஐம்பது இத்துடன் பார்சலில் வருகிறது. கார் சக்கரத்தில் மாட்டுகிற ஈயக்கட்டியை உருக்கி, கொஞ்சம் வெறும் ஈயம் சேர்த்தது. மிருதுவானது, பருமனானது. சுட்டுப் பார்த்து எங்கே என்ன ஒட்டியது என்று எழுது. சும்மா "சரி" என்று ஒரு வரி எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்றும் எழுது.

நோரீன்


ரவுண்டப்
பிப்ரவரி 11

அன்புள்ள நோரீன்,

பார்சல் வந்தது, நன்றி. நீ கேட்டபடி விவரமாக எழுதுகிறேன்.

ஐம்பதையும் சுட்டேன். வானம் தெளிந்திருந்த நாளாகப் பார்த்து மேற்கு வேலிக்குப் போனேன். குண்டு பார்க்க மிக நேர்த்தி. உன் கைவேலை மாறவில்லை. முதல் பத்தில் குறி நன்றாக இருந்தது. அப்புறம் பழைய கதைதான். அதே இடம், உருளைக்கு எதிரே முதல் அங்குலம். ஆனால் முன்னைப்போல அடையாக இல்லை, கோடு கோடாக, குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களின் ஓரம் ஓரமாக. செப்பு நார் போட்டுத் தேய்த்தேன்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும்? குழலின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்குமோ? இல்லை, குழலைத் துப்பாக்கியின் உடலோடு திருகிய இடத்தில் இறுகி உள்ளே சிறுத்திருக்குமோ? அப்படியும் நடக்கும் என்று நீ முன்பு ஒரு தடவை வில்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அப்போது காது கேட்டது. மெழுகை மாற்றிப் பார்க்கலாமா? இவற்றையெல்லாம் எந்த வரிசையில் பார்ப்பது என்று நிதானமாக எழுது. அவசரமில்லை. ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ராத்திரிக்கு டப்பா பீன்ஸ் சாப்பிட்டேன். தபால்காரி லோர்னா உன் கடிதத்தை நீட்டிவிட்டு, "என்ன ஹார்லன், இந்த வயசுல லவ் லெட்டரா? வாசல்லயே நின்னு காத்திட்டிருக்கீங்க!" என்று கத்தினாள். எனக்குக் கேட்க வேண்டுமென்று அவ்வளவு கத்தல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாடெல்லாம் திரும்பிப் பார்த்தன.

உன் அண்ணன்,
ஹார்லன்


லூயிஸ்டன்
பிப்ரவரி 17

அண்ணா,

நான் உனக்கு அனுப்பியது தப்பான பெட்டி.

பார்சல் போன மறுவாரம் கிளப்பிலிருந்து ஓரின் வந்து, "என் நாற்பத்தி அஞ்சுக்குக் குண்டு ரெடியா?" என்று கேட்டார். அலமாரியில் கைவிட்டால் உன் பெயர் எழுதிய பெட்டி அங்கேயே இருக்கிறது. அவருடையது உனக்கு வந்துவிட்டது. நாற்பத்தி அஞ்சு காலிபர் குண்டு அண்ணா, உன்னுடையதைவிடப் பெரிது. உன் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் அதைச் சுத்தியலால் அடித்தாலும் உட்காரவைக்க முடியாது. ஒன்றைக்கூட நீ சுட்டிருக்க முடியாது.

தலையில் அடித்துக்கொண்டு, நீ கிண்டலாக எழுதப் போகும் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். "நீயா எனக்கு அளவு சொல்லித்தர வந்தவள்" என்று பக்கம் பக்கமாகக் கிழிப்பாய் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்திருப்பேன். வந்ததோ இது. ஐம்பதையும் சுட்டேன், கோடு கோடாக ஈயம், முதல் பத்து நன்றாக இருந்தது. "அன்புள்ள நோரீன்" வேறு. ஐம்பது வருஷத்தில் நீ எனக்கு அன்புள்ள என்று எழுதியதில்லை.

படித்த கையோடு டுவெய்னுக்குப் போன் போட்டேன். "அண்ணன் உசுரோட இருக்கானா, போய்ப் பாருடா" என்று அழுதேன். அரை மணியில் திரும்பக் கூப்பிட்டு, "விறகு வெட்டிட்டிருக்காரு. என்னைப் பாத்து, கேட்டைச் சாத்திட்டு வாடா மடையான்னு கத்தினாரு. நல்லாத்தான் இருக்காரு" என்றான். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். "அதை அவரே சொல்லட்டும்மா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றான்.

என்ன வாக்கு? துப்பாக்கி எங்கே? இல்லாத ஈயத்தைப் பற்றி எனக்கு ஏன் எழுதினாய்? இந்த ஒரு தடவை நேராகப் பதில் சொல்.

நோரீன்


ரவுண்டப்
பிப்ரவரி 24

நோரி,

உன் பெட்டியை நான் பிரிக்கவே இல்லை. ஒட்டின டேப்போடு ஜன்னல் திட்டில் இருக்கிறது. பிரித்திருந்தால் குண்டு வேறு என்று தெரிந்திருக்கும். இப்போது என் பொய் உனக்குத் தெரிந்துவிட்டது. நல்லதுதான். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஜனவரியில் உன் கடிதம் வந்த அன்று, நீ சொன்ன சோதனையைச் செய்தேன். மத்தியானம். உருளையைக் கழற்றி ஆறு ஓட்டையிலும் போட்டேன், விழுந்தது. அது பொய் இல்லை. பிறகு உருளையை மாட்டிவிட்டு, கடிதத்தின் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். வில்மா உன்னிடம் கேட்டது. என்னிடம் கேட்காமல் உன்னிடம் கேட்டது. எனக்காகத்தான் கேட்டாள் என்பது புரிந்தது. ஆனால் அவளை ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க நான் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை, நோரி. உன் மேல் இருந்த கோபத்தில் மூலையில் உட்கார்ந்து தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் "ஹார்லன், கொஞ்சம் இப்படி வாங்களேன்" என்பாள். காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். பாதி நேரம் உண்மையாகவே கேட்கவில்லை. பாதி நேரம் கேட்டது.

மேசையில் துப்பாக்கி இருந்தது. நான் இருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இதற்கு மேல் எழுத என் கை வராது, நீயும் கேட்காதே.

மாடு கத்தியது. அதுவும் சரியாகக் கேட்கவில்லை, ஜன்னலில் வந்து முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வைக்கோல் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ப் போட்டேன். திரும்பி வீட்டுக்குள் போக பயமாக இருந்தது. எழுபத்தொரு வயதில் என் சொந்த வீட்டுக்குள் போக பயம். கதவைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, இருந்த தோட்டாவையெல்லாம் ஒரு பையில் போட்டு, பனியில் நடந்தே டுவெய்ன் வீட்டுக்குப் போனேன். "இதை உன் இரும்புப் பெட்டில வெச்சுப் பூட்டுடா. நான் கேட்டாலும் குடுக்காத. யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். அவன் பூட்டிவிட்டு வந்து சூப் ஊற்றிக் கொடுத்தான். அவ்வளவு மட்டமான சூப்பை நான் குடித்ததே இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் துப்பாக்கி இல்லை. ஆனால் உனக்கு என்ன எழுதுவது? சும்மா எழுத எனக்கு ஏது முகம்? கல்லறையில் அத்தனை பேர் முன்னால் உன்னைப் பேசினவன் நான். ஈயம் ஒட்டுகிறது என்றால் நீ பதில் எழுதுவாய். அடுப்பில் உருக்கினாயா என்று திட்டுவாய். ஈயம் ஒட்டுவது நின்றுவிட்டது என்று எழுதினால் உன் கடிதமும் நின்றுபோகும் என்று நினைத்தேன். அதனால் கோடு கோடாக ஒட்ட வைத்தேன்.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, நோரி. காலையில் எழுந்து காலுறை மாட்டுவதற்குள் அன்றைய நாளே முடிந்துபோன மாதிரி இருக்கிறது.

ஹார்லன்


லூயிஸ்டன்
மார்ச் 3

அண்ணா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "யாராவது போயிட்டாங்களா நோரீன்?" என்றாள். "இல்லை, போகலை" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

கோபமும் வருகிறது. என் மேல்தான் அதிகம். நான் ஒரு சோதனையை எழுதி, அதற்குக் கீழேயே அந்த விஷயத்தையும் எழுதி, துப்பாக்கியும் கையுமாக உன்னை உட்கார வைத்திருக்கிறேன். டிசம்பரிலேயே சந்தேகப்பட்டு உன்னிடம் கேட்டவள், ஜனவரியில் எதை எங்கே சொல்வது என்று யோசிக்கவில்லை. அந்த மாட்டுக்கு என் பெயரில் ஒரு கட்டு நல்ல வைக்கோல் போடு.

வில்மாவைப் பற்றி உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நீ முகம் கொடுக்கவில்லை என்பது உண்மை. நான் அந்த அறையில் இருந்தேன், பார்த்தேன். ஆனால் நீ வெளியே போன ஒரு நேரத்தில் அவள் என்னிடம், "அங்கயே உக்காந்திருக்காரு பாரு, வீட்டுக்குப் போகச் சொன்னா போகமாட்டேங்கிறாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. உனக்காக ஜோடித்துச் சொல்லவில்லை, அப்படிச் செய்ய எனக்கு வராது. நீ மூலையில் இருந்தாய், தொப்பியைப் பார்த்தாய். ஆனால் போகவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். துப்பாக்கி டுவெய்னிடமே இருக்கட்டும். வசந்தம் வந்தாலும், மான் வேட்டை வந்தாலும், உனக்கு நன்றாகிவிட்டது என்று உனக்கே தோன்றினாலும். நரி வந்தால் டுவெய்னைக் கூப்பிடு. டாக்டரிடம் போ. நீ களைப்பு என்று எழுதியதை அவரிடம் அப்படியே சொல், முட்டி வலி என்று மழுப்பாதே. டுவெய்ன் வண்டியில் கூட்டிப் போவான். அவனிடம் பேசிவிட்டேன்.

அப்புறம், தினமும் எனக்கு இரண்டு வரி எழுது. சாப்பிட்டாயா, தூங்கினாயா. அது போதும். ஒட்டாத ஈயத்தை ஒட்டவைக்க வேண்டாம். நீ எழுத எனக்கு எந்தக் காரணமும் தேவையில்லை. உனக்கு முகம் இல்லை என்றாயே, இந்த முகத்தை அறுபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், பழகிவிட்டது.

பாதை திறந்ததும் வருகிறேன். தங்குவதற்காக இல்லை, அடுப்பைத் துடைக்க. நீ துடைத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நோரி


ரவுண்டப்
மார்ச் 26

நோரி,

பில்லிங்ஸில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், டுவெய்ன் வண்டியை நகர்த்த மாட்டேன் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். "களைப்பு" என்றேன். "எவ்வளவு நாளா?" என்று அந்தப் பெண் தாளில் எழுதிக் காட்டினாள். நானும் தாளில் எழுதினேன். இரண்டு பேரும் பேசாமல் அரை மணி எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாள். அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொன்னாள், போகிறேன்.

அடுப்பைத் துடைத்தேன். உன் கண்ணுக்கு அது பத்தாது.

தினமும் இரண்டு வரி எழுதச் சொன்னாய், எழுதி வருகிறேன். லோர்னா, "தபால் தலைக்கே உங்க மாடெல்லாம் வித்துடணும் போல" என்கிறாள். போன வாரம் ஒரு நாள் மட்டும் எழுதவில்லை, இந்த வெள்ளிக்கிழமை தபால் வராததைப் பார்த்து நீ பயந்து டுவெய்னைக் கூப்பிட்டிருக்கிறாய். அவன் வந்து கதவை இடித்திருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். என்னை உலுக்கி எழுப்பி, "யோவ், உசுரு போயிடுச்சுய்யா எனக்கு" என்று கத்தினான்.

வேறொன்றும் இல்லை, நோரி. அன்று மத்தியானம் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்தேன். தூங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

ஹார்லன்